சூல்வலிப்புக்கு மெக்னீசியமா, ஃபெனிடோயினா?

கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் மூளையைத் தாக்கி வலிப்பில் முடிவதே சூல்வலிப்பு, அதாவது எக்லாம்ப்சியா. வலிப்பு என்றதும் ஃபெனிடோயின் நினைவுக்கு வருவது இயல்பு. கால்கை வலிப்புக்குப் பேர்பெற்ற மருந்தல்லவா? மெக்னீசியம் சல்பேட்டோ வெறும் எப்சம் உப்பு. நரம்பியல் மருத்துவர்கள் பலர் அதை நம்ப மறுத்ததில் வியப்பில்லை.

1995-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தியது. ஃபெனிடோயின் பெற்றவர்களோடு ஒப்பிட, மெக்னீசியம் பெற்ற பெண்களுக்கு வலிப்பு திரும்புவது 67 சதவீதம் குறைந்தது. செயற்கைச் சுவாசமும் நிமோனியாவும் ஃபெனிடோயின் பக்கமே அதிகம். உப்பு எப்படி வென்றது என்பது இன்றும் முழுதாகத் தெளிவாகவில்லை. மூளை இரத்தக் குழாய்களின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது என்பது ஒரு விளக்கம்.

ஃபெனிடோயினை மெதுவாக ஏற்ற வேண்டும், இதயத் துடிப்பைக் கண்காணிக்க வேண்டும். மெக்னீசியத்திலும் ஆபத்து உண்டு: அளவு மிஞ்சினால் மூச்சு அடங்கிவிடும். ஆனால் அதற்கு முன்பே முழங்கால் அனிச்சை, அதாவது முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுவது, மறைந்துவிடுகிறது. ஒரு சிறு சுத்தியலும், மணிக்கு மணி சிறுநீர் அளவைக் குறிக்கும் செவிலியரும், முறிமருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட்டும் இருந்தால் சிறிய மருத்துவமனையிலும் கொடுக்கலாம். என் பார்வையில் அதன் பெரும் பலம் இதுதான். ஏற்கெனவே கால்கை வலிப்பு உள்ளவருக்கும், தசைக்களைப்பு நோயால் மெக்னீசியம் ஏற்காதவருக்கும் கணக்கு வேறு.