முதுகுத்தண்டு எம்ஆர்ஐ: ஓப்பன் மெஷினா, குழாய் மெஷினா?

நடுவலியோடு, அதாவது இடுப்பு வலியோடு, காலுக்கு இறங்குகிற மரமரப்பும் சேர்ந்துவிட்டால் டாக்டர் எம்ஆர்ஐ எழுதித் தருவார். கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் உடனே எழும் கேள்வி, நாகர்கோவிலா, திருவனந்தபுரமா என்பது. அதைவிட முக்கியம், போகிற சென்டரில் என்ன மெஷின் இருக்கிறது என்பது. போனிலேயே கேட்டுவிடலாம்: குழாய் மாதிரி மூடிய 1.5 டெஸ்லாவா (டெஸ்லா என்பது காந்தத்தின் பலத்தைச் சொல்லும் அளவு), பக்கம் திறந்த ஓப்பன் மெஷினா?

ஓப்பன் மெஷினில் மூச்சுமுட்டுகிற பயம் குறைவு. பருமனான உடம்புக்குச் சௌகரியம், பக்கத்தில் ஒருவர் நின்று கையைப் பிடித்துக்கொள்ளலாம். எல்லாம் சரிதான். ஆனாலும் முதுகுக்கு நான் சொல்வது 1.5 டெஸ்லா குழாய் மெஷின்தான். காரணம், படுத்திருக்க வேண்டிய நேரம்.

ஓப்பன் மெஷின்கள் பெரும்பாலும் 0.2 முதல் 0.4 டெஸ்லா வரைதான். காந்தம் பலவீனமானால் உடம்பிலிருந்து வரும் சிக்னலும் பலவீனம். அதைச் சரிக்கட்ட ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். 1.5 டெஸ்லாவில் 20 முதல் 30 நிமிடத்தில் முடிகிற இடுப்பு ஸ்கேன், இதில் முக்கால் மணி நேரத்தைத் தாண்டலாம். முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கியவருக்கு மல்லாந்து படுப்பதே வேதனை. பாதியிலேயே இடுப்பை லேசாக நகர்த்திவிடுவார். ஒவ்வொரு வரிசைப் படமும் 3 முதல் 5 நிமிடம் ஓடும். அந்த நேரம் முழுக்கச் சேர்கிற சிக்னலிலிருந்துதான் மொத்த வரிசையும் உருவாகிறது. நாலாவது நிமிடத்தில் அசைந்தாலும் முழு வரிசையும் மங்கிப்போகும். நரம்பு வெளிவருகிற சின்னத் துவாரம் தெளிவாகத் தெரியாது. அறுவை சிகிச்சை டாக்டர் வேறு இடத்தில் இன்னொரு ஸ்கேன் கேட்பார், இரண்டு செலவு.

குழாயைப் பற்றிய பயத்துக்கு வழி உண்டு. சாதாரண குழாயின் விட்டம் 60 சென்டிமீட்டர், அகலமானது 70. அகலமானது இருக்கிறதா என்று கேளுங்கள். இடுப்பு ஸ்கேன் என்றால் காலை முதலில் உள்ளே விடச் சொல்லலாம், தலை வாய்ப்பக்கமாக இருக்கும். கழுத்து ஸ்கேனுக்கு இது உதவாது. பயம் மிகுதியென்றால் டாக்டரிடம் முன்பே மாத்திரை கேளுங்கள். அன்று வண்டி ஓட்டக்கூடாது, துணைக்கு ஆள் வேண்டும்.

3 டெஸ்லா என்று விளம்பரம் பார்த்து ஓட வேண்டாம், சாதாரண டிஸ்க் பிரச்சினைக்கு 1.5 போதும். முதுகில் ஸ்க்ரூ போட்டவர்களுக்கு 3 டெஸ்லாவில் படம் இன்னும் கோணலாகும். குறைந்த காந்தத்தில் அந்தக் கோணல் குறைவு என்பது உண்மை. ஆனால் அவர்களுக்கு எது நல்லது என்பதை ஸ்கேன் படம் பார்க்கும் டாக்டரான ரேடியாலஜிஸ்டே சொல்லட்டும்.

இனி, எந்த மெஷின் என்றாலும் செய்ய வேண்டியவை. அரைஞாண் கொடியை மறக்காதீர்கள். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, ஆனால் கொடி கிடக்கிற இடமும் டாக்டர் பார்க்க விரும்புகிற கீழ் முதுகும் ஒன்றே. படத்தைக் கெடுக்கும், சூடேறவும் செய்யும். தாயத்து, தாலிச்சங்கிலி, மூக்குத்தி, மெட்டி, காது மெஷின், கழற்றும் பல் எல்லாம் வெளியே. தாலிக்குப் பதிலாக மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு, அது போதும். சேலையில் குத்திய ஊக்குதான் ஆபத்து, இரும்பாதலால் பறக்கும். ஸ்கேன் ஓடாதபோதும் அந்தக் காந்தம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

கல்ஃபில் வெல்டிங், கிரைண்டிங் செய்து திரும்பியவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். கண்ணில் இரும்புத்துகள் தங்கியிருந்தால் காந்தம் அதை அசைக்கும், அதனால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். பேஸ்மேக்கர் இருந்தால் அதன் கார்டு கையில் வேண்டும். கர்ப்பம் என்றால் முன்பே சொல்லுங்கள்.

மருந்து ஏற்றாத ஸ்கேனுக்குப் பட்டினி வேண்டாம். காசநோய், கட்டி என்று சந்தேகம் இருந்தாலோ, ஏற்கெனவே முதுகில் ஆபரேஷன் நடந்திருந்தாலோ படம் தெளிவாகத் தெரிய கடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். அதற்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்த ரிப்போர்ட் கேட்கலாம், சிறுநீரகக் கோளாறை மறைக்க வேண்டாம்.

பஸ்ஸில் குலுங்கி வந்து இறங்கியதும் நேராக மேசையில் ஏறாதீர்கள். வழக்கமான வலி மாத்திரையை முக்கால் மணி நேரம் முன்னால் போட்டு, சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை கேளுங்கள். டொக் டொக்கென்ற சத்தம் பலமாக இருக்கும், காதுப்பஞ்சு தருவார்கள். கேரளத்து சென்டரில் மைக்கில் 'அனங்ஙருது' என்பார்கள், அசையாதே என்று பொருள். கழுத்து ஸ்கேனில் சத்தம் கேட்கும்போது எச்சில் விழுங்குவதுகூடப் படத்தைக் கெடுக்கும். கையில் தருகிற பந்தை அமுக்கினால் ஸ்கேனை நிறுத்திவிட்டு வருவார்கள்.

சிறுநீர் அடைப்பு, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போதல், காலில் பலம் குறைதல் இருந்தால் இந்த அலசல் எதுவும் வேண்டாம். அன்றே நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப்பிரிவுக்குப் போங்கள்.

மற்றவர்கள் ஃபிலிமோடு சிடியையும் கேட்டு வாங்குங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் டாக்டரை மாற்றினாலும் அவர் தம் கம்ப்யூட்டரிலேயே பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வார்.