ஆப்பிரிக்க மறைப்பணி: சபையில் சேர்வதா, மறைமாவட்டக் குருவாகவே போவதா?

காலம்: இத்தாலியரான கொம்போனி தொடங்கியது போன்ற மறைப்பணித் துறவுச் சபை என்றால் ஆயுளுக்கும் மறைப்பணிதான். மறைமாவட்டக் குருவாகவே, 1957-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் எழுதிய 'ஃபிதேய் தோனும்' (விசுவாசக் கொடை) சுற்றுமடல் வழியில் போனால், உங்கள் மறைமாவட்டத் தலைவரான ஆயர் உங்களைச் சில ஆண்டுகளுக்கு இரவல் தருகிறார், அவ்வளவே.

மொழி: கஷ்டமே இங்கேதான். கிழக்கு ஆப்பிரிக்காவின் பொதுமொழியான சுவாகிலி கற்றால் சந்தையில் பேசிவிடலாம். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு பாட்டி அழுதுகொண்டே சொல்வது அவருடைய தாய்மொழியில் இருக்கும். அது பிடிபடும்போது இரவல் குருவுக்குத் திரும்பும் நாள் வந்துவிடும்.

திரும்புதல்: இரவல் குருவுக்குச் சொந்த மறைமாவட்டம் காத்திருக்கும். சபைக்காரரைச் சொந்த ஊரே பாதி மறந்திருக்கும்.

நோக்கம்: 1867-இல் வெரோனாவில் சபையைத் தொடங்கிய கொம்போனி, ஆப்பிரிக்கரே ஆப்பிரிக்காவை மீட்க வேண்டும் என்றுதான் திட்டமிட்டார்.

சரி, யாருக்கு எது? உள்ளூர்க் குருக்களுக்குக் கைகொடுத்துவிட்டுத் திரும்ப நினைப்பவருக்கு ஃபிதேய் தோனும். அங்கேயே நரைக்கத் துணிந்தவருக்குச் சபை. எந்த நாடு என்பதை மட்டும் சபைத் தலைமை முடிவுசெய்யும்.