பள்ளிக்கு எந்த நுண்ணோக்கி?

பள்ளி ஆய்வகத்தில் இருக்கும், பல வில்லைகள் கொண்ட கூட்டு நுண்ணோக்கி பொதுவாக 400 மடங்கு வரை பெரிதாக்கும். வெங்காயத் தோல் செல்லின் உட்கரு தெளிவாகத் தெரியும். ஆனால் கனம், விலையும் அதிகம். பல பள்ளிகளில் அலமாரிக்குள் பூட்டியே கிடக்கிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழு உருவாக்கி, 2014-இல் அறிவித்த ஃபோல்ட்ஸ்கோப், தாளை மடித்துச் செய்வது. ஒரே ஒரு சின்னக் கோள வில்லை. சுமார் 140 மடங்கு உருப்பெருக்கம். பையில் போட்டுக்கொண்டு குளத்தங்கரைக்கே போகலாம். ஒரு சொட்டு நீரில் நெளியும் உயிர்களை அங்கேயே பார்க்கலாம், கைபேசியை ஒட்டிப் படமும் எடுக்கலாம். கண்ணை வில்லையோடு ஒட்டி வைத்துப் பார்ப்பதற்குக் கொஞ்சம் பழக வேண்டும். பாக்டீரியாவை ஆராய இது போதாது.

மேல்நிலைச் செய்முறைக்குக் கூட்டு நுண்ணோக்கிதான். ஆறாம் வகுப்புக்கு நான் முதலில் ஃபோல்ட்ஸ்கோப்புக்குத்தான் காசு ஒதுக்குவேன்: ஒரே கூட்டு நுண்ணோக்கி முன் வரிசையில் நின்று ஒரு நொடி எட்டிப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு ஒன்றும் பிடிபடாது.