காரணி படிப்பிக்க எந்த எண்: 1,000,000 ஆ, 720,720 ஆ?

கிளிநொச்சியில் சாதாரண தர மாணவருக்குக் காரணிகளைச் சொல்லிக்கொடுக்கப் பெரிய எண் ஒன்று தேவை என்றால், கை தானாகவே பத்து இலட்சத்துக்குத்தான் போகும். எழுத லேசு. 1000 இன் வர்க்கமாகவும் 100 இன் கனமாகவும் இருப்பது அழகுதான். ஆனால் அதன் முதன்மைக் காரணிகள் 2, 5 மட்டுமே. மொத்தக் காரணிகள் 49.

720,720 பக்கம் வந்தால் கதையே வேறு. 1 முதல் 16 வரை எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடும். அந்தப் பதினாறுக்கும் பொ.ம.சி. (பொது மடங்குகளுட் சிறியது) இதுதான். உடைத்துப் பார்த்தால் 720 × 1001. அந்த 1001 தான் 7, 11, 13 மூன்றையும் கொண்டுவருகிறது. காரணிகள் 240! பத்து இலட்சத்துக்குக் கீழே இதைவிட அதிகக் காரணிகள் உள்ள எண் கிடையாது. காலபோக அறுவடை நெல் மூடைகளைப் பங்கிடும் கணக்காகக் கொடுங்கள்: ஏழு பேரோ பதின்மூன்று பேரோ, மிச்சத் தகராறு வராது. 17 பேர் வந்தால்தான் 5 மூடை மிஞ்சும்.

பத்து இலட்சமோ 3, 7, 9, 11, 13 எதனால் வகுத்தாலும் மீதி 1 தரும். 999,999 அவை எல்லாவற்றாலும் வகுபடுவதே காரணம். சரி, மீதி படிப்பிக்க அதை வைத்துக்கொள்ளலாம். காரணிப் பாடத்துக்கு நான் 720,720 ஐத்தான் எடுப்பேன்.