குறுக்கெழுத்தா, அக்ரோஸ்டிக்கா?

ஆங்கிலக் குறுக்கெழுத்தில் ஊறியவர்கள் மேற்கோள் அக்ரோஸ்டிக் என்ற ஆங்கிலச் சொற்புதிரை முதலில் பார்த்ததும் கேட்பது, "கட்டம் இருக்கிறது, மேலிருந்து கீழே வார்த்தையே இல்லையே?" என்பதுதான். உண்மைதான், கிடையாது. கட்டம் முழுக்க ஒரே மேற்கோள், இடமிருந்து வலமாக ஓடும். கீழே குறிப்புகள் தனியாக இருக்கும். ஒரு விடை தெரிந்தால் அதன் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே உள்ள எண்ணைப் பார்த்து, அந்த எண்ணுள்ள கட்டத்தில் போய் எழுத வேண்டும். எல்லா விடைகளின் முதலெழுத்துகளையும் வரிசையாகப் படித்தால் மேற்கோளை எழுதியவர் பெயரும் நூலின் பெயரும் வரும்.

குறுக்கெழுத்து 1913-இல் ஆர்தர் வின் உருவாக்கியது. எலிசபெத் கிங்ஸ்லி 1934-இல் சாட்டர்டே ரிவ்யூ இதழில் அக்ரோஸ்டிக்கைக் கொண்டுவந்தார். நல்ல இலக்கியத்தின் பக்கம் ஆட்களை இழுப்பதுதான் அவர் நோக்கம்.

என் ஓட்டு அக்ரோஸ்டிக்குக்கு. குறுக்கெழுத்தில் ஒரு மூலை மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டதுதான்; எங்கோ ஒரு நதியின் பெயர் தெரியவில்லை, அதை வெட்டும் நடிகர் பெயரும் தெரியவில்லை என்றால் பேனாவை வைத்துவிட வேண்டியதுதான். அக்ரோஸ்டிக்கில் அப்படி ஒரு முட்டுச்சந்து வருவது குறைவு. முதல் சுற்றில் நாலைந்து குறிப்புகள்தான் தேறும், அதிலும் இரண்டு சந்தேகம். ஆனால் மேலே ஒரு மூன்றெழுத்துச் சொல் 'டி'யில் (T) தொடங்கி 'இ'யில் (E) முடிந்தால் பெரும்பாலும் 'தி'தான் (the), நடுவில் 'எச்' (H) போடலாம், அந்த 'எச்' கீழே இதுவரை தொடவே முடியாத ஒரு விடைக்குள் போய் விழும், அங்கே திடீரென்று வார்த்தை தெரியும், அதன் எழுத்துகள் மறுபடி மேலே ஏறும். இந்த ஏற்ற இறக்கம்தான் இதன் ருசி. பாதியில் வாக்கியம் பேச ஆரம்பித்துவிடும். எழுதியவரின் நடை பிடிபட்டால் அடுத்த சொல்லை இலக்கண வாசனையிலேயே ஊகிக்கலாம். குறுக்கெழுத்தை முடித்தால் கையில் மிஞ்சுவது ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சொற்கள். இங்கே ஒரு ஆள் சொன்ன ஒரு கருத்து.

ஆசிரியர் பெயரை முதலெழுத்துகளிலிருந்து சீக்கிரமே ஊகிப்பது ஏமாற்று வேலை என்பார்கள் சிலர். எனக்கு அதில் கூச்சமே இல்லை. புதிரை அமைத்தவரே வைத்த வாசல் அது!

கிரிப்டோகிராம் என்ற இன்னொரு புதிரிலும் மேற்கோள் உண்டு, எழுத்துக்கு எழுத்து மாற்றி வைத்திருப்பார்கள். அடிக்கடி வரும் எழுத்து 'இ'யாக இருக்கலாம், தனியெழுத்து 'ஏ' அல்லது 'ஐ' என்று பிடித்துப் போனால் பத்து நிமிட வேலை. பொது அறிவே வேண்டாம். நேரமில்லாத நாளுக்கு அது போதும்.

அக்ரோஸ்டிக்கிலும் எரிச்சல் உண்டு. மேற்கோளின் எழுத்துகள் அத்தனையையும் மிச்சமில்லாமல் விடைகளுக்குள் அடக்க வேண்டும் என்பதால், கடைசிச் சில விடைகள் யாரும் வாழ்க்கையில் பேசாத சொற்களாகவோ ஒட்டுப்போட்ட சொற்றொடர்களாகவோ இருக்கும். அப்புறம் அந்த எண் பார்த்து எழுதும் குமாஸ்தா வேலை. 87-இல் போட வேண்டியதை 78-இல் போட்டு, அரை மணி நேரம் நல்ல விடையைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். செயலியில் போட்டால் எழுத்து தானாகப் போய் உட்காரும், பிழையும் வராது. ஆனாலும் நான் காகிதத்தில்தான் போடுகிறேன், பென்சிலால்.