செந்துளுவனா, ஏத்தனா, மட்டியா? நிறத்தை அளந்து பார்த்தால்

நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் ஒரு சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பழக்கடை முன்னால் நின்று பாருங்கள். கடைக்காரர் நேராகச் செந்துளுவன் (செவ்வாழை) குலையைத்தான் காட்டுவார். “சாரே, பிள்ளைக்கா? அப்போ இத எடுங்க. கண்ணுக்கு நல்லது.” பக்கத்திலேயே ஏத்தன் (நேந்திரன்) தொங்கும். கீழே சாக்கில் மட்டிச் சீப்புகள் கிடக்கும். அவற்றுக்கு இந்த மரியாதை கிடையாது. விலையிலும் செந்துளுவன்தான் மேலே. காரணம் கேட்டால் ஒரே பதில்: சிவப்பாக இருக்கிறது, அதனால் சத்து.

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பல வருஷம் நிறமிகளோடு மல்லுக்கட்டியவன் நான். இந்த வாதத்தில் பாதி சரி, பாதி தப்பு. தப்பான பாதிக்குத்தான் நாம் கூடுதலாகக் காசு கொடுக்கிறோம்.

செந்துளுவன் தோலின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. நாவல்பழத்தின் ஊதாவும் வாழைப்பூ மடலின் கருஞ்சிவப்பும் அதே குடும்பம்தான். இது தண்ணீரில் கரையும். புளிப்புச் சேர்ந்தால் சிவக்கும், காரம் (சோடா, சுண்ணாம்பு மாதிரி) சேர்ந்தால் நிறம் மாறும். வீட்டிலேயே பார்க்கலாம். வாழைப்பூ மடல் இரண்டை (எங்கள் பக்கத்தில் கூம்பு என்போம்) பிய்த்து, எலுமிச்சை பிழிந்த வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டு வையுங்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாகும். அதில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைத் தூவினால் சிவப்பு போய் ஒரு அழுக்குப் பச்சை வரும். செந்துளுவன் தோலிலும் இதே ஆட்டம் நடக்கும், ஆனால் மங்கலாக. தோலில் உள்ள துவர்ப்புச் சரக்கு எல்லாவற்றையும் பழுப்பாக்கிவிடும்.

ஆய்வகத்தில் ஆந்தோசயனினை அளக்கும் முறையும் இதே குணத்தைத்தான் பயன்படுத்துகிறது. ஒரே சாற்றை இரண்டு குப்பியில் எடுத்து, ஒன்றை பி.எச். (புளிப்பின் அளவு; எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 1.0க்கும் மற்றதை 4.5க்கும் கொண்டுவருவோம். முதலாவது நல்ல சிவப்பாக நிற்கும், இரண்டாவது ஏறக்குறைய நிறமே இல்லாமல் போகும். 520 நானோமீட்டர் அலைநீள ஒளியை இரண்டும் விழுங்கும் அளவில் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. பழுப்பு நிறம் இரண்டு குப்பியிலும் ஒரே மாதிரி இருப்பதால் கழித்தலில் அடிபட்டுவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த முறை இது.

(ஒரு எச்சரிக்கை. சிவப்பாக இருப்பதெல்லாம் ஆந்தோசயனின் இல்லை. பீட்ரூட்டிலும் சிவப்புத் தண்டங்கீரையிலும் இருப்பது பீட்டாலெய்ன். சோடா தூவினால் அது பச்சைக்குப் போகாது. இயற்கையில் ஒரே செடி இந்த இரண்டு நிறமிகளையும் சேர்த்து உண்டாக்குவதில்லை என்பது இன்னும் ஆச்சரியம்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆந்தோசயனினுக்கும் வைட்டமின் ஏ-க்கும் சம்பந்தமில்லை. உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றாது. அப்புறம், செந்துளுவனின் தோலைத் தின்கிறவர் யார்? உரித்து மாட்டுக்குத்தான் போடுகிறோம். கடைக்காரர் விற்கிற சிவப்பு அப்படியே மாட்டுக்குப் போகிறது.

கண்ணுக்கான சரக்கு சதையில் இருக்கிறது. அது கரோட்டினாய்டு: எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது, மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வரை நிறம் காட்டும். இதில் பீட்டா கரோட்டினும் ஆல்ஃபா கரோட்டினும் உடம்பில் வைட்டமின் ஏ ஆகும். லூட்டீன் ஆகாது, அதற்கு விழித்திரையில் வேறு வேலை உண்டு. ஆக, பழத்தை உரித்துச் சதையைப் பார்த்துத்தான் போட்டியே தொடங்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் வரிசை மாறுகிறது. ஒரு முறை மாணவர்களை வைத்து ஏத்தன், செந்துளுவன், மோரிஸ் மூன்றையும் ஒரே எடை எடுத்து அரைத்து, அசிட்டோனில் சாறு இறக்கி, பிரிபுனலில் பெட்ரோலியம் ஈதர் என்ற கரைப்பானுக்கு மாற்றினோம். மோரிஸ் குப்பி கழுவிய அரிசித் தண்ணீரில் துளி மஞ்சள் விழுந்த மாதிரி. செந்துளுவன் அதைவிடத் தேவலை. நன்றாகப் பழுத்த ஏத்தன் குப்பி வெயிலில் பிடித்த தேங்காய் எண்ணெயைவிடத் தெளிவான மஞ்சள். மீட்டரில் வைக்காமலே பையன்கள் வரிசைப்படுத்திவிட்டார்கள்.

எண்களும் அந்தப் பக்கம்தான் நிற்கின்றன. ஏத்தன், உலக வகைப்பாட்டில் ‘பிளான்டெயின்’ கூட்டத்தைச் சேர்ந்தது. மோரிஸ், ரோபஸ்டா எல்லாம் கேவண்டிஷ் கூட்டம். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையில் 100 கிராம் பிளான்டெயினுக்கு பீட்டா கரோட்டின் 457 மைக்ரோகிராம், ஆல்ஃபா கரோட்டின் 438. அங்கே சாதாரண வாழைப்பழம் என்றால் கேவண்டிஷ்தான். அதற்கு முறையே 26, 25. அந்த ஊர்ப் பழமும் நம் ஏத்தனும் ஒன்றல்ல. மண், வகை, பழுத்த பருவம் எல்லாம் எண்ணை மாற்றும். ஆனாலும் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே இருக்கிற இந்தப் பெரிய இடைவெளி மண்ணால் மட்டும் வந்துவிடாது.

கணக்குப் போடும்போது பலர் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. உணவில் வரும் பீட்டா கரோட்டின் 12 மைக்ரோகிராமுக்கு 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ என்று எடுக்கிறார்கள். ஆல்ஃபா கரோட்டினுக்கு 24க்கு 1. அதன்படி 100 கிராம் பிளான்டெயினுக்கு வருவது 56 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ. இரண்டையும் கூட்டி, மொத்தமும் பீட்டா கரோட்டின் என்று எழுதி 12ஆல் வகுத்தால் 75 வரும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல், சும்மா கிடைத்த சத்து!

இந்தப் பொய்யான கூடுதல் எங்கிருந்து வருகிறது என்பது அளக்கும் முறையைப் பொறுத்தது. பழங்களுக்குள் இருக்கிற போட்டியைவிட அளக்கும் கருவிகளுக்குள் இருக்கிற போட்டி எனக்குச் சுவாரசியம்.

எளிமையானது காகிதம். வடிதாள் துண்டில் சாற்றைப் பொட்டு வைத்து, பெட்ரோலியம் ஈதரும் கொஞ்சம் அசிட்டோனும் கலந்த கரைப்பானில் நிறுத்தினால் கரோட்டின் எல்லாவற்றுக்கும் முந்தி உச்சிக்கு ஓடும். லூட்டீன் வகை நடுவில் தங்கும். கீரைச் சாறாக இருந்தால் குளோரோபில் ஏ நீலப் பச்சையாகவும் பி மஞ்சள் பச்சையாகவும் கீழே நிற்கும். மேல்நிலைப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ருஷ்யத் தாவரவியலாளர் ஸ்வெட் 1906இல் வெளியிட்டது இதன் மூதாதையை; அவர் காகிதத்துக்குப் பதில் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச் சாற்றை விட்டார். ‘ஸ்வெட்’ என்றால் ருஷ்ய மொழியில் நிறம் என்றே பொருள். என்னென்ன இருக்கிறது என்று காகிதம் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அதிலும் வாழைச் சாறு காகிதத்தில் கண்ணுக்குத் தெரியவே படாதபாடு. கீரைதான் அதற்குச் சரி.

அடுத்தது ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். 450 நானோமீட்டர் அலைநீளத்தில் சாறு எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்த்தால் மொத்தக் கரோட்டினாய்டு வந்துவிடும். மலிவு, வேகம், எல்லாக் கல்லூரியிலும் உண்டு. ஆனால் அதற்கு ஆள் பார்த்து அடையாளம் தெரியாது. பீட்டா, ஆல்ஃபா, லூட்டீன் எல்லாம் அந்த அலைநீளத்தின் பக்கத்தில்தான் விழுங்கும். கருவி மூன்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுக்கும். மேலே சொன்ன 75 இப்படித்தான் பிறக்கிறது. லூட்டீனும் சேர்ந்தால் இன்னும் ஏறும்.

இந்தக் கருவியிடம் நானே நன்றாக ஏமாந்திருக்கிறேன். ஒரு மாணவி ஏத்தங்காய் சிப்ஸை ஆய்வு செய்ய வேண்டும் என்றாள். நல்ல யோசனை, நம் மாவட்டத்தில் சிப்ஸ் இல்லாத கல்யாணப் பந்தி உண்டா? கடையில் வாங்கிய சிப்ஸைப் பொடித்துச் சாறு இறக்கினாள். குப்பியைப் பார்த்ததுமே எனக்குச் சந்தோஷம். அப்படி ஒரு மஞ்சள். மீட்டர் ஊசி இருந்த இடம் தெரியாமல் ஓடியது. பச்சைக் காயில் இத்தனை கரோட்டினாய்டு எப்படி வரும் என்று யோசிக்காமல், “பொரிக்கும்போது தண்ணீர் போய்ச் செறிந்திருக்கும்” என்று நானே விளக்கமும் கொடுத்தேன். தண்ணீர் வற்றுவது உண்மைதான். பொரித்த பண்டத்தையும் பச்சைப் பழத்தையும் 100 கிராமுக்கு 100 கிராம் என்று ஒப்பிடுவதே தப்புக் கணக்கு. ஆனால் இங்கே கதை அது இல்லை.

கொழுப்பை நீக்க அந்தச் சாற்றில் பொட்டாஷ் காரம் சேர்த்தோம். விட்ட இடத்தில் மஞ்சள் சடாரென்று செங்காவியாக மாறியது, ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தது மாதிரி. மாணவி என்னைப் பார்த்தாள். நான் குப்பியைப் பார்த்தேன். சிப்ஸ் போடுகிறவர்கள் உப்போடு மஞ்சள்தூளையும் கரைத்துத் தெளிப்பார்கள் என்பது என் வீட்டு அடுப்படியில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் அன்று தெரியவில்லை. நாங்கள் அளந்தது வாழையை அல்ல, மஞ்சளின் குர்குமினை. அதன் உச்சம் 425 நானோமீட்டர் பக்கம். 450லும் தாராளமாக விழுங்கும். காரம் சேர்த்துத் தண்ணீரில் அலசியபோது செந்நிறம் முழுக்கத் தண்ணீர்ப் பக்கம் போய்விட்டது. மேலே ஈதரில் மிஞ்சியது வெளிறிய மஞ்சள். அதுதான் ஏத்தங்காய்.

மூன்றாவது ஹெச்.பி.எல்.சி. ஸ்வெட்டின் சுண்ணாம்புக் குழாய்க்கு எள்ளுப்பேரன். உயர் அழுத்தத்தில் சாற்றை ஒரு மெல்லிய குழாய்க்குள் தள்ளி, ஒவ்வொரு நிறமியையும் வெவ்வேறு நிமிஷத்தில் வெளியே விடும். குழாயிலும் சாதி உண்டு. வழக்கமான 18 கார்பன் சங்கிலிக் குழாயில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடக்கும் கரோட்டினாய்டு உருவங்கள், 1994இல் அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட்காரர்கள் கரோட்டினாய்டுக்கென்றே உருவாக்கிய 30 கார்பன் சங்கிலிக் குழாயில் தனித்தனியாகப் பிரியும். வைட்டமின் ஏ எவ்வளவு என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வேண்டுமானால் இதுதான் வழி. செலவு கையைக் கடிக்கும். கரைப்பான் தூய்மை, ஒப்பிட்டுப் பார்க்கப் பொருளுக்குப் பொருள் வாங்க வேண்டிய நியமச் சரக்கு எல்லாம் காசு. பள்ளி, கல்லூரித் திட்டப்பணிக்கு நான் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரைத்தான் சொல்வேன், ‘மொத்தக் கரோட்டினாய்டு’ என்று மட்டும் எழுதினால். ‘பீட்டா கரோட்டின்’ என்று எழுதினால் மார்க்கைக் குறைப்பேன்.

எந்தக் கருவியானாலும் ஒரு விரோதி பொது: வெளிச்சம். கரோட்டினாய்டை ஜன்னலோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது எண் இறங்கியிருக்கும். குப்பியில் தகரத்தாள் சுற்ற வேண்டும். வாழையை அரைத்த உடனே கரைப்பானில் மூழ்கடிக்க வேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும்.

மட்டியை மறந்துவிடவில்லை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ப் பழம். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் பிள்ளைக்கு முதலில் கொடுக்கும் பழமும் அதுதான். அதன் பலம் கரோட்டின் இல்லை, இனிப்பும் வாசனையும். சாற்றில் ஒரு துளியை, இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாலே இனிப்பு தெரியும். மட்டியில் கல் மட்டி என்று ஒரு வகை உண்டு. சதைக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகம் கட்டுவதால் வந்த பெயர். ஆய்வகத்தில் சாம்பலாக்கிக் கால்சியத்தை அளந்தால் அதுவும் எண்ணில் ஏறிவிடும். ஆனால் ஆக்சலேட்டோடு ஒட்டிய கால்சியத்தைக் குடல் ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை. அட்டவணையில் இருக்கும், எலும்புக்கு வராது.

இனி எதை வாங்குவது? வைட்டமின் ஏ ஒன்றுதான் குறி என்றால் எந்த வாழையையும் நம்ப வேண்டாம். அதே அமெரிக்க அட்டவணையில் 100 கிராம் பச்சைக் கேரட்டுக்கு வைட்டமின் ஏ 835 மைக்ரோகிராம். பிளான்டெயினின் 56 அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. முற்றத்து முருங்கையில் இரண்டு கொத்து ஒடித்துத் தேங்காய் போட்டு வதக்கினால் வேலை முடிந்தது. வாழைக்குள்தான் என்றால் என் ஓட்டு, தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த ஏத்தனுக்கு. அதை அவித்து, சூட்டோடு ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயோ நெய்யோ விட்டுச் சாப்பிடுவது இன்னும் நல்லது. கொழுப்பு இல்லாமல் கரோட்டின் குடலில் சரியாக ஏறாது. அவித்தால் வைட்டமின் சி கொஞ்சம் போகும், அதற்கு ஒரு கொய்யா இருக்கிறது. செந்துளுவனை ருசிக்கு வாங்குங்கள். நானும் வாங்குகிறேன்.

போன வாரம் கடைக்காரரிடம் இதில் பாதியைச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏத்தன் சீப்பை எடைத்தட்டில் வைத்தபடி சொன்னார்: “அப்போ நாளையிலிருந்து இதுக்கு விலை ஏத்திடலாம் சாரே.”