பாவட்டையா, சுளுந்தா?

கோடையின் தொடக்கத்தில் சோழமண்டலக் கரையோரக் கோயில்காடுகளுக்குள் போனால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பாவட்டை, சுளுந்து இரண்டும் காபிக் குடும்பம். இரண்டிலும் எதிரெதிர் இலைகள், கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூக்கள், மெல்லிய குழலின் முனையில் நான்கு இதழ்கள், நல்ல மணம். போதாததற்குத் தாவரவியல் பெயரும் காலை வாரும்: பாவட்டை, பவெட்டா இண்டிகா; சுளுந்து, இக்சோரா பவெட்டா. கைபேசிச் செயலி 'பவெட்டா' என்றதும் திருப்தியடையாமல் முழுப் பெயரையும் படியுங்கள்.

வெட்சியும் சுளுந்தின் இனம்தான். பூ சிவப்பு என்பதால் சிக்கலில்லை. காரைக்கு முள் உண்டு, அதையும் விட்டுவிடலாம்.

உயரத்தை நான் நம்புவதில்லை. சுளுந்து சிறுமரம், பாவட்டை புதர் என்பார்கள். பச்சையாகவே எரியும் என்று பந்தத்துக்கு வெட்டப்பட்ட சுளுந்து, அடியிலிருந்து தழைத்துப் புதராகவே நிற்கும்.

பூவில் பார்க்க வேண்டியது சூல்தண்டு, அதாவது நடுவிலிருந்து எழும் பெண்ணுறுப்பின் தண்டு. பாவட்டையில் அது குழலைத் தாண்டி ஊசிபோல் வெகுதூரம் நீண்டிருக்கும், முனை பிளவுபடாது. சுளுந்தில் சற்றே எட்டிப்பார்க்கும்; முனை இரண்டாகப் பிரிந்து சுருளும். ஆனால் அன்று மலர்ந்த சுளுந்துப் பூவில் அந்த இரு நாக்குகளும் ஒட்டியே இருக்கும், மேலே மகரந்தம் வேறு அப்பியிருக்கும். ஆகவே கொத்தில் மூத்த பூவைத் தேடிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், பூவைவிட இலையே நல்ல சாட்சி. பூக்காத மாதங்களிலும் கைகொடுக்கும். பாவட்டை இலை மெல்லியது, அடியில் குறுகிக் காம்பில் இறங்கும். அதை வெயிலுக்கு நேரே பிடித்தால் பரப்பெங்கும் கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். அது நோயோ பூச்சிக்கடியோ அல்ல. உள்ளே பாக்டீரியாக்கள் குடியிருக்கும் முடிச்சுகள். விரலால் தடவினால் சிறு மேடாகவும் தட்டுப்படும். சுளுந்து இலை தடித்துப் பளபளக்கும், காம்பு குட்டை. இந்த முடிச்சுகள் அதில் கிடையாது. ஓர் இலையோடு நிறுத்தாமல் நான்கைந்து இலைகளைப் பாருங்கள். பூச்சி அரித்த சுளுந்து இலையிலும் கறை இருக்கும், ஆனால் எல்லா இலையிலும் ஒரே மாதிரி இருக்காது.

கனியை வைத்து முடிவுசெய்ய முயல வேண்டாம். இரண்டிலும் உருண்டைதான், பழுத்தால் இரண்டும் கறுத்துவிடும்.